ஒரே கல்லூரி, இரண்டு வாத்தியார்கள்: மியூசிக்கல் தியேட்டர் படிப்பில் என் குரல் பட்ட பாடு

அமெரிக்காவில் மியூசிக்கல் தியேட்டரில், அதாவது பாட்டும் நடனமும் நடிப்பும் சேர்ந்த மேடை நாடகத்தில், நான்கு வருட பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) முடித்தவள் நான். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்கு நல்லது செய்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கல்லூரிக்கு நான் போடும் மதிப்பெண்: நடிப்புப் பயிற்சிக்கு ஐந்துக்கு ஐந்து. நடனத்துக்கு நான்கு, என் முழங்காலைக் கேட்டால் மூன்று. குரலுக்கு முதல் இரண்டு வருடம் ஒன்றரை, கடைசி இரண்டு வருடம் ஐந்து. பாடத்திட்டம் மாறவில்லை. வாத்தியார் மாறினார், வகுப்பு நேரம் கூடியது, அவ்வளவுதான்.

சேர்வதற்கு முன் நான் பார்த்ததெல்லாம் வேறு. பழைய மாணவர்களில் எத்தனை பேர் பிராட்வேயில் இருக்கிறார்கள், அரங்கு எவ்வளவு பெரிது, நாலாம் வருட மாணவர்கள் ஏஜெண்டுகளுக்குப் பாடி நடித்துக் காட்டும் ஷோகேஸின் வீடியோ எப்படி இருக்கிறது, இவைதான். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியான சிசிஎம் 1968-லேயே இந்தப் படிப்பைத் தொடங்கியது என்பது வரை மனப்பாடம். பேர்போன இடங்களில் வகுப்புக்கு இருபது பேர் அளவில்தான் எடுப்பார்கள் என்பதால், யாராவது எடுத்தால் போதும் என்ற பயம் வேறு. பல கல்லூரிகள் ஒரே இடத்தில் கூடி ஆடிஷன் வைக்கும் 'யூனிஃபைட்ஸ்' சமயத்தில், சிகாகோவில் ஒரு ஹோட்டல் தாழ்வாரத்தில் நெஞ்சில் நம்பரைக் குத்திக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். தனிப்பாடம் வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று ஒருவரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

எங்களுக்கு அரை மணி. குரலைச் சூடேற்றப் பத்து நிமிடம், பாட்டைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் போனால், மிச்சத்தில் ஒரு பாட்டை ஒன்றரைத் தடவை பாடலாம்.

நான் எட்டு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள். ஐந்து கட்டை ஸ்ருதி. அதில் மேல் பஞ்சமம் என்பது மேற்கத்திய ஸ்வரக் கணக்கில் டி5. இன்றைய மியூசிக்கல்களில் பெண் பாத்திரங்கள் பெல்ட் செய்யும், அதாவது கூவி அழைப்பதுபோல் பலத்த குரலில் பாடும், இடமும் கிட்டத்தட்ட அதேதான். 'அதுதான் எட்டுகிறதே' என்று தெனாவட்டாக இருந்தேன். அகாரத்தில் மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு இறங்குவது வேறு. அங்கேயே நின்று, ஆடிக்கொண்டே, கடைசி வரிசைக்குப் புரிகிற மாதிரி சொல்லை உச்சரிப்பது வேறு. தொழிலுக்குப் போனால் அதை வாரத்துக்கு எட்டுக் காட்சி செய்ய வேண்டும்.

முதல் வாத்தியார் ஓபரா பாடியவர். என்ன சாரீரம்! லெஜிட் பாட்டுகளில், அதாவது ஓபரா சாயலில் பாடும் பழைய பாணிப் பாட்டுகளில், என் மூச்சும் நீண்ட வரிகளும் அவரால்தான் ஒழுங்குக்கு வந்தன. ஆனால் பெல்ட் என்றாலே முகம் சுளிப்பார், 'அது தொண்டையைக் கெடுக்கும்' என்பார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ தினமும் மூன்று மணி நேர ஒத்திகை, முழுக்க பெல்ட். மாடியில் தடை, கீழே கட்டாயம். நடுவில் நானாகக் கத்தக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருடம் அக்டோபரில் காலையில் பேச்சே எழும்பவில்லை. மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், முடிச்சு இன்னும் விழவில்லை, குரல்நாண்கள் இரண்டும் வீங்கியிருக்கின்றன என்றார். மூன்று வாரம் பாடக் கூடாது. அந்தத் துறையில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதுதான்: டாக்டர் சீட்டைக் கொடுத்தேன், ஃபைலில் வைத்தார்கள், ஒத்திகை அட்டவணையில் ஒரு வரிகூட மாறவில்லை.

மூன்றாம் வருடம் புது டீச்சர். வாரம் ஒரு மணி நேரம். முதல் நாள் பாட்டே இல்லை. ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. நுனியைக் கொஞ்சம் முக்கி, குமிழி ஒரே சீராக வரும்படி கீழிருந்து மேலே ஸ்வரத்தை இழுக்கச் சொன்னார். டி5 பக்கம் போனதும் தண்ணீர் கொந்தளித்து மேஜையில் தெறித்தது. "பார்த்தாயா, மேலே போகப் போகக் காற்றை அள்ளி வீசுகிறாய்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பெல்ட்டுக்குக் காற்று அதிகம் வேண்டாம், குரல்நாண்கள் கூடுதல் நேரம் மூடியிருக்க வேண்டும் என்பதை எனக்கு அந்தத் தம்ளர்தான் காட்டியது. பிறகு, பஸ்ஸைத் தவறவிடப் போகிற தோழியைத் தெருவின் மறுபக்கத்திலிருந்து "ஏய்!" என்று கூப்பிடச் சொன்னார். அந்த 'ஏய்'தான் என் முதல் உருப்படியான பெல்ட்.

இப்போது தேடுகிறவர்கள் பி.எஃப்.ஏ.வா, பி.மியூசிக்கா (இசை இளங்கலை) என்று ரொம்பக் குழம்புகிறார்கள். பி.மியூசிக்கில் இசைக் கோட்பாடும் ரெசிட்டலும் (தனிக் கச்சேரி) கூடுதலாக இருக்கும், பி.எஃப்.ஏ.வில் நடிப்பும் நடனமும். பட்டத்தின் பெயரைப் பார்த்துக் குரல் பயிற்சியை எடைபோட முடியாது. யார் சொல்லிக்கொடுக்கிறார், வாரத்துக்கு எத்தனை நிமிடம், ஒத்துவராவிட்டால் வாத்தியாரை மாற்ற விடுவார்களா, ஜூரியில் (ஆசிரியர் குழு முன் பாடும் தேர்வு) பெல்ட் பாட்டுக்கு இடமுண்டா என்று கேளுங்கள். நாலாம் வருட ஷோகேஸை விட்டுவிட்டு இரண்டாம் வருடப் பிள்ளைகளின் பேச்சுக் குரலைக் கவனியுங்கள். பாதிப் பேர் கரகரத்தால் எனக்குச் சந்தேகம் வரும். முடிந்தால் ஒரு மாதிரி வகுப்பு கேட்டு வாங்குங்கள். உங்கள் குரல் பிசிறும் பாட்டையே எடுத்துப் போங்கள். பிசிறும்போது அவர் பியானோவை நிறுத்தி ஏதாவது செய்கிறாரா, 'அழகு, அழகு' என்று அடுத்த வரிக்குப் போகிறாரா என்று பாருங்கள். நான் அழகாகப் பாடுகிற பாட்டைத்தான் கொண்டுபோனேன், வேறென்ன.

என் கல்லூரியில் இன்றும் முதல் இரண்டு வருடம் அரை மணிதானாம். அந்த டீச்சர் இருக்கிறார். முதல் வருடத்திலேயே அவரிடம் இடம் உண்டு என்று எழுத்தில் கொடுத்தால் சேரலாம். இல்லையென்றால் நான் சேர மாட்டேன்.