கற்பனை ஜெர்மன் சிற்றரசா, கற்பனைப் பாளையமா? திருநெல்வேலியில் 18ஆம் நூற்றாண்டு வார்கேம் கேம்பெயின்

பொம்மை வீரர்களை வைத்து மேசையில் ஆடும் போர் விளையாட்டுதான் வார்கேம். அதில் ஒற்றைப் போரை ஆடி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஒன்றோடொன்று தொடரும் போர்களின் சங்கிலியான கேம்பெயின் மாதக்கணக்கில் போகும். இன்றைக்குத் தோற்ற படை அடுத்த ஆட்டத்துக்கு ஆள் குறைந்துதான் வரும். பறிபோன கோட்டையின் வரி எதிரியின் பெட்டிக்குப் போய்விடும். வெடிமருந்து தீர்ந்தால் தீர்ந்ததுதான். நான்கைந்து பேர் அவ்வளவு நாள் சேர்ந்து புழங்கப்போகிற உலகம் என்பதால், அது எந்த உலகம் என்று தொடங்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

18ஆம் நூற்றாண்டை ஆடுபவர்களிடம் வெகுகாலமாக ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய வரைபடத்தில், ஜெர்மன் நிலத்தின் ஏதோ ஒரு மூலையில், இல்லாத இரண்டு நாடுகளை உண்டாக்குவது. அவற்றுக்கு ஒரு கோமகன், ஒரு கொடி, ஒரு சீருடை, எல்லையில் ஒரு தகராறு. நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தாமிரபரணிக்கும் சிற்றாற்றுக்கும் இடையே, இல்லாத பாளையங்களை உண்டாக்குவது. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். மேசைமேல் நடக்கும் போருக்கு ஜெர்மன் நாடுகள் எளிது. கேம்பெயினுக்குப் பாளையங்களை மிஞ்ச ஒன்றும் இல்லை.

நிஜ வரலாற்றையே ஆடினால் என்ன?

பாஞ்சாலங்குறிச்சியையே ஆடலாமே என்று யாராவது கேட்பார்கள். ஒரு நாள் ஆட்டத்துக்குச் சரி. கேம்பெயினாக ஆடினால் முடிவு எல்லோருக்கும் மனப்பாடம். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, கட்டபொம்மனுக்குத் தூக்கு. அதை நோக்கியே எல்லாக் காய்களும் நகரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம் நின்ற எட்டயபுரத்தை எடுத்துக்கொள்ள யாரும் முன்வர மாட்டார்கள். எடுத்தவரும் வசவு கேட்காமல் ஆடி முடிக்க முடியாது. மேற்குப் பாளையங்கள், கிழக்குப் பாளையங்கள் என்று பிரித்தாலே அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிற குடும்பப் பெருமையையும் சமூகப் பெருமையையும் தொடும். கற்பனைப் பாளையத்தில் இந்தப் பாரம் இல்லை. கம்பெனியோடு சேருகிற பாளையக்காரருக்கும் காரணம் இருக்கும்: பக்கத்துப் பாளையம் தன் காவல் கிராமங்களைப் பிடுங்கியிருக்கும், கிஸ்தி பாக்கி கழுத்தை நெரிக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்து முடிவெடுத்துப் பார்க்கும்போதுதான் அந்தக் காலத்து அரசியல் எவ்வளவு இறுக்கமானது என்று புரிகிறது. பல சமூகத்து நண்பர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து மனம்விட்டு ஆட வேண்டும் என்றால் கற்பனைப் பெயர்கள்தான் நல்லது.

ஜெர்மன் நாடுகளின் பலம்

புனித ரோமப் பேரரசு என்ற குடைக்குள் அந்தக் காலத்தில் ஏறக்குறைய 300 அரசுகள் இருந்தன. இன்னும் இரண்டைச் சேர்த்தால் யாருக்கும் உறுத்தாது. ஆட்ட விதிகள் எல்லாம் இந்தக் காலத்து ஐரோப்பிய வரிசைப் போருக்காகவே எழுதப்பட்டவை. மூன்று வரிசையாக நிற்கும் பட்டாளம், நூறு கஜத்துக்கு உட்பட்ட தூரத்தில் துப்பாக்கிச் சூடு, பக்கவாட்டில் குதிரைப்படை. 1757 டிசம்பரில் லாய்ட்டனில் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக், தன் படையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்த ஆஸ்திரியப் படையைக் குன்றுகளின் மறைவில் சுற்றிப்போய் ஒரு பக்கமாக அடித்தார். அந்த மாதிரி ஒரு நகர்த்தலை மேசையில் செய்துபார்க்கும் சுகமே தனி. பொம்மை வீரர்களும் இந்தப் படைகளுக்குத்தான் அதிகம் கிடைக்கிறார்கள். சீருடைக்கு நிறம் தேர்ந்தெடுப்பது, காலர் நிறத்தை வைத்துப் பட்டாளத்தைப் பிரிப்பது, கொடி வரைவது என்று ஓவியக் கை உள்ளவர்கள் இதில் மூழ்கிவிடுவார்கள்.

காசு விஷயத்திலும் ஒரு நல்ல கொக்கி இருக்கிறது. ஹெஸ்ஸ-காஸ்ஸல் மாதிரியான சிற்றரசுகள் தங்கள் பட்டாளங்களையே வாடகைக்கு விட்டன. 1776இல் அமெரிக்காவுக்கு பிரிட்டன் அனுப்பிய ஜெர்மானியர்களில் பெரும்பகுதி அப்படிப் போனவர்கள். ஆட்டத்தில் கஜானா காலியான கோமகன், ஒரு பட்டாளத்தை வெளியே அனுப்பிப் பணம் வாங்குவதா, அல்லது எல்லையில் நிறுத்துவதா என்று தவிப்பார்.

பலவீனம் வரைபடத்தில் வருகிறது. ஆறு, காடு, பனிக்காலம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்த ஆறு எப்போது பெருகும், அந்தக் காட்டுக்குள் வண்டி போகுமா என்று நம்மில் யாருக்கும் கைப்பழக்கமாகத் தெரியாது. விதிப்புத்தகம் சொல்வதை நம்ப வேண்டும். மழைக்காலம் எப்படி என்று பகடையை உருட்டிப் பார்க்கிறோம். வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பாளையத்தின் வரைபடம்

இந்த இடத்தில் பாளையம் எழுந்து நிற்கிறது. மேற்கே மலை, ஆரியங்காவு, ஆரல்வாய்மொழி என்று இரண்டு வாசல்கள், அந்தப் பக்கம் ஒரு பெரிய அரசு. கிழக்கே கடல், தூத்துக்குடியில் 1658 முதல் டச்சுக்காரர்கள். வடகிழக்கே கரிசல். தெற்கே திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் தேரி. நடுவே தாமிரபரணியும், சீவலப்பேரியில் அதோடு சேரும் சிற்றாறும். பெயர்களை மாற்றிவிட்டு இந்த நில அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும். கேம்பெயினுக்கு வேண்டிய எல்லா நெருக்கடியும் இதற்குள்ளேயே கிடக்கிறது.

முதலில் தண்ணீர். ஸ்ரீவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டுக்காரன். அதற்கு மேலே கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை உள்ள ஏழு அணைக்கட்டுகளும் அதற்கு முன்பே இருந்தவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து வயல். வரைபடத்தில் ஒரு கோட்டையைப் பிடிப்பதைவிட ஓர் அணைக்கட்டைப் பிடிப்பது பெரிய அடி. மேல் அணையில் மடையை அடைத்தால் கீழ்ப்பாளையத்துக்கு அந்தப் பருவ விளைச்சல் பாதி என்று ஒரே வரியில் விதி எழுதலாம். குளத்தை உடைத்துவிட்டுப் பின்வாங்கும் உரிமையையும் கொடுக்கலாம். உடைத்தவருக்கே அடுத்த பருவம் அந்தக் கிராமங்களில் வருமானம் இல்லை என்று சேர்த்துவிட்டால் யாரும் விளையாட்டுக்கு உடைக்க மாட்டார்கள்.

அடுத்தது காலம். ஐரோப்பியப் படைகள் பனிக்காலத்தில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர்களுக்குள் போய்விடும், வசந்தத்தில்தான் திரும்ப வரும். நம் நாட்காட்டி இதைவிடச் சுவையானது. ஜூனில் மலையில் சாரல் இறங்கி ஆற்றில் தண்ணீர் வரும், கார் பருவம் தொடங்கும். அக்டோபரில் அடுத்த நெல் பருவமான பிசானம். டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் கரிசலில் பீரங்கி வண்டி நகராது. சக்கரம் அச்சு வரை புதையும். தேரியில் எந்த மாதமும் வண்டி திணறும். ஆற்றைக் கடப்பதும் பெரிய பாடு. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்தை ஆடுகிறோம் என்றால், நவம்பர் வெள்ளத்தில் ஒரு கரைப் படைக்கு மறுகரை எட்டாத தூரம். பிப்ரவரி, மார்ச்சில் பிசான அறுவடை முடிந்து களத்தில் நெல் கிடக்கும்போதுதான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். இதற்கெல்லாம் தனி அட்டவணை வேண்டாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் இது பிறந்ததிலிருந்து தெரியும்.

மூன்றாவது காவல். பாளையக்காரரின் வருமானம் தன் நிலத்தோடு முடிவதில்லை. சுற்றுக் கிராமங்களுக்குத் திசைக்காவல் தந்து அதற்கான கட்டணத்தையும் வாங்கினார்கள். ஒரே கிராமத்தின் காவலுக்கு இரண்டு பாளையங்கள் உரிமை கொண்டாடினால் அங்கே போர் பிறக்கும். ஜெர்மன் ஆட்டத்தில் போருக்குக் காரணம் கண்டுபிடிக்கவே ஒரு வாரிசுத் தகராறைக் கஷ்டப்பட்டு ஜோடிக்க வேண்டும். இங்கே காவல் கிராமங்களுக்கு வண்ணம் தீட்டி, சிலவற்றுக்கு இரண்டு வண்ணம் அடித்துவிட்டால் முடிந்தது.

சோறும் சம்பளமும்

இரண்டு உலகத்திலும் படையைக் கொல்வது பசிதான். ஐரோப்பியப் படை மாவுக் கிடங்கையும் ரொட்டி அடுப்பையும் விட்டுத் தூரம் போக முடியாது. நம் பக்கம் 1755இல் கம்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காடு நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு தெற்கே வந்து நெல்கட்டும்செவலில் பூலித்தேவரை வளைத்தார். கோட்டையை உடைக்கக் கனமான பீரங்கி இல்லை, படைக்குச் சோறும் சம்பளமும் இல்லை. உள்ளே இருந்தவருக்கு அது தெரியும். படை திரும்பிப் போனது. கேம்பெயின் விதி எழுதுகிறவர் இந்த ஒரு சம்பவத்தை வைத்தே முக்கால்வாசியை எழுதிவிடலாம்: கோட்டைக்கு இத்தனை மாத நெல், முற்றுகைப் படைக்கு இத்தனை வாரக் காசு, எது முதலில் தீர்கிறது என்பதே போட்டி. சிறிது காலத்தில் அதே மாபூஸ்கான் கட்சி மாறி பூலித்தேவரோடு சேர்ந்தார். கூட்டணி மாறுவதற்கும் விதியில் இடம் வைக்க வேண்டும்.

மேசைக்கு வந்தால்

இங்கே ஜெர்மன் நாடுகளுக்கு வெற்றியை விட்டுக்கொடுக்கிறேன். பாளையப் போரில் இரண்டு படைகள் வெட்டவெளியில் வரிசையாக நின்று சுட்டுக்கொள்வது அபூர்வம். முற்றுகை, முள்காட்டில் பதுங்கல், இரவில் கோட்டையை விட்டு நழுவல் இவைதான் அதிகம். வாங்கிவந்த விதிகள் இதற்கு அப்படியே பொருந்தா.

ஆனால் மண்கோட்டையை மட்டும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். 1799 செப்டம்பரில் கம்பெனித் தளபதி பானர்மேனின் முதல் தாக்குதல் பாஞ்சாலங்குறிச்சியில் எடுபடவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து பெரிய பீரங்கி வரக் காத்திருந்தபோது உள்ளே இருந்தவர்கள் இரவில் வெளியேறிவிட்டார்கள். இடிக்கப்பட்ட அந்தக் கோட்டையை 1801இல் ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களில் எழுப்பினார்கள். மார்ச் 31 அன்று கம்பெனிப் படை ஏறிப் பார்த்துப் பெரும் சேதத்தோடு திரும்பியது. மே 24 அன்று அக்னியூவின் பெரும்படைதான் பிடித்தது. மண்சுவரில் குண்டு புதையும். கல்சுவர் போலப் பிளந்து சரியாது. சுவருக்கு வெளியே முள்வேலி, உடைப்பு விழுந்த இடத்தில் நீள ஈட்டிக்காரர்கள். மூன்று சின்ன மாற்றங்கள் போதும்: மண்சுவருக்கு எதிராகச் சிறு பீரங்கிக்குப் பாதி பலம், முள்வேலியில் ஒரு சுற்று நிற்க வேண்டும், உடைப்பில் ஈட்டிக்கு முதல் அடி.

மேசையில் மரம் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்று எங்கே பார்த்தாலும் நிற்கிற சீமைக்கருவேலம் அப்போது இங்கே கிடையாது. பனை, உடைமரம், மலையடிவாரத்தில் அடர்காடு என்று வையுங்கள். பார்வைத் தூரம் நிறைய மாறும்.

வரைபடமும் நடுவரும்

அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தை நான் விரும்புவதில்லை. ஜெர்மன் சமவெளிக்கு அது பரவாயில்லை. நம் நிலத்தில் ஆட்கள் குளத்தையும் வயலையும் சுற்றிக்கொண்டு, சாவடியிலிருந்து சாவடிக்குத்தான் நடந்தார்கள். ஊர், சாவடி, ஆற்றுத்துறை, கணவாய் என்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் போதும். படை ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் என்று கொண்டால் திருநெல்வேலியிலிருந்து தென்காசித் தூரம் மூன்றரை நாள் நடை. ஒரு சார்ட் தாளில் முழு நாடும் அடங்கிவிடும்.

நடுவர் வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வடிவமைத்த ராணுவ ஆட்டத்திலேயே எதிரிப் படையை மறைத்து வைக்கும் வேலை நடுவருடையது. அந்த வேலைக்கு இன்று வாட்ஸ்அப் மிக வசதி. ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒருமுறை நடுவருக்குத் தனியாக உத்தரவு அனுப்புவார்கள், அவர் ஒற்றர் செய்தியைப் பிரித்துக் கொடுப்பார். இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது: கப்பம் கேட்டு வருகிற நவாபும் கம்பெனியும் நடுவர் கையில்தான் இருக்க வேண்டும். அந்தப் பெரிய சக்தியை ஆட்டக்காரர் ஒருவரிடம் கொடுத்தால் மற்ற நால்வரும் சீக்கிரமே ஆர்வம் இழந்துவிடுவார்கள்.

வீரர்கள் எங்கே கிடைப்பார்கள்?

28 மில்லிமீட்டர் உலோக வீரர்கள் அழகுதான், ஆனால் வெளிநாட்டிலிருந்து தபால் செலவோடு வர வேண்டும். 1/72 அளவு பிளாஸ்டிக் வீரர்கள் மலிவு. ஐரோப்பியப் படைகள் கிடைக்கும், பாளைய வீரர்கள் அநேகமாகக் கிடைக்க மாட்டார்கள். காகிதத்தில் வரைந்து வெட்டி நிறுத்துவது எல்லாவற்றிலும் மலிவு. என் தேர்வு அம்பாசமுத்திரம் கடைசல் பட்டறை. மரச்சொப்பு கடைகிறவர்களிடம் சுண்டுவிரல் உயரத்துக்குத் தலையும் உடம்புமாக எளிய உருவம் கடைந்து தரச் சொல்லலாம். சிவப்புச் சட்டையும் அரைக்கால் சட்டையும் தீட்டினால் சிப்பாய், வெற்று மார்பும் முண்டாசும் தீட்டினால் ஈட்டிக்காரர்.

சரி, ஏற்கெனவே நீலச் சட்டை ஜெர்மன் பட்டாளத்தை ஆசையாகத் தீட்டி வைத்திருக்கும் நண்பரை என்ன செய்வது? அவரையும் உள்ளே கூப்பிடுங்கள், இடம் இருக்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றபின் பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய், மார்த்தாண்டவர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்து திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கினார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அந்த வழியில் இந்தப் பட்டாளமும் துறைமுகத்தில் வந்து இறங்கட்டும், எந்தப் பாளையம் அதிகம் கொடுக்கிறதோ அதோடு போகட்டும். மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் எதிர்ப்பக்கம் போகலாம் என்ற விதியையும் எழுதி வையுங்கள். வெட்டவெளியில் அவர்களை எதிர்த்து யாரும் நிற்க முடியாது. கரிசலில் மழை இறங்கும் வரை.