பெலீக் டீபாட் வாங்கும் முன் அடியில் உள்ள ஸ்டிக்கரை உரிக்கச் சொல்லுங்கள்

டப்ளினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் 340 யூரோ கொடுத்து ஒரு டீபாட் வாங்கி ஏமாந்தேன். விற்றவர் பெரிய தந்திரம் ஒன்றும் செய்யவில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை விலை ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

பெலீக் என்பது வட அயர்லாந்தின் ஃபெர்மானா கவுண்டியில், எர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். 1857-இல் அங்கே தொடங்கிய பீங்கான் ஆலை இன்றும் நடக்கிறது; அதன் பொருட்களுக்கும் ஊர்ப் பெயரேதான். முட்டை ஓடு மாதிரி மெல்லிசு, தந்த நிறம், மேலே சிப்பியின் உள்பக்கம்போல ஒரு மினுமினுப்பு. கூடைகள் செய்வதைப் பார்த்தால் நம் வீட்டு ஞாபகம் வரும். இடியாப்பம் பிழிந்த மாதிரி களிமண் இழைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கையாலேயே பின்னுவார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்தது அந்தக் கூடைகளைப் பார்த்துத்தான். ஆனால் ஓரத்தில் ஒட்டிய பீங்கான் பூக்களில் ஓர் இதழ்கூட உடையாத பழைய கூடை என் கையில் சிக்கியதே இல்லை. அதனால் டீபாட், கோப்பை என்று இறங்கிவிட்டேன்.

இந்தப் பொருட்களில் வயதைச் சொல்வது அடியில் இருக்கும் முத்திரை. உட்கார்ந்திருக்கும் வேட்டைநாய், வட்டக் கோபுரம், யாழ், ஷாம்ராக் என்னும் மூவிலைச் செடி, கீழே ஒரு நாடாவில் பெலீக் என்ற பெயர். இவை மட்டும் கறுப்பில் இருந்தால் முதல் முத்திரை, 1863 முதல் 1890 வரை. இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எழுதியே ஆக வேண்டும் என அமெரிக்கா சட்டம் போட்ட பிறகு, 1891-இலிருந்து, ஃபெர்மானா, அயர்லாந்து என்று இன்னொரு நாடா அடியில் சேர்ந்தது. அது இரண்டாம் முத்திரை, 1926 வரை. அப்புறம் மூன்றாவதில் அயர்லாந்தின் சொந்த மொழியான கேலிக் எழுத்தோடு ஒரு வட்டம் வரும். 1946-க்குப் பிறகு நிறமே பச்சையாகிவிடும். முதல் முத்திரை என்றால் விலையும் ஒரு படி ஏறிவிடும்.

எனக்குக் காட்டியது டிரிடாக்னா டீபாட், பெரிய கிளிஞ்சல் ஓட்டைப்போல அலையலையாக மடிப்புகள் கொண்டது. "முதல் கறுப்பு முத்திரை, 1880 வாக்கில் செய்தது" என்றார் விற்றவர். கவிழ்த்துப் பார்த்தேன். நாய் இருந்தது, கோபுரம் இருந்தது, பெயர் நாடா இருந்தது. அதற்கு நேர் கீழே, இரண்டாம் நாடா இருக்க வேண்டிய இடத்தில், விலை ஸ்டிக்கர். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கக் கூச்சம். பதினொரு வருடமாக இந்த ஊரில் இருந்தும் இந்தக் கூச்சம் போகவில்லை.

வீட்டில் வெதுவெதுப்பான நீரில் வைத்தேன். ஸ்டிக்கர் தானாகவே மிதந்து வந்தது. அடியில் ஃபெர்மானா, அயர்லாந்து என்று நாடா சுத்தமாகச் சிரித்தது. சரி, வயது போனால் போகட்டும், பொருளாவது நல்லதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தபோது டீபாட்டின் மூக்கு நுனி மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. நுனியை முன்பல்லில் லேசாகத் தட்டினேன் (சிரிக்காதீர்கள், பழைய சேகரிப்பாளர்கள் செய்வதுதான்). உடம்புப் பகுதி கண்ணாடிபோல டிக் என்றது; நுனி பிளாஸ்டிக் மாதிரி மொத்தென்றது. உடைந்த மூக்கை ஏதோ பசையால் வளர்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

ஃபோன் செய்தேன். முதல் தடவை எடுத்தார். "நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்: "பழைய டீபாட், 340." வருடம் இல்லை, முத்திரை இல்லை, அவருடைய பெயரும் இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டும்.

இங்கே 2000 யூரோ வரையிலான வழக்குக்குச் சிறு கோரிக்கை முறை உண்டு, கட்டணம் வெறும் 25 யூரோ. ஆனால் யார்மீது, எந்த முகவரிக்கு என்று எழுத வேண்டுமே! ஆன்லைனில் வாங்கினால் பதினான்கு நாளில் திருப்பி அனுப்பும் உரிமை உண்டு. சந்தையில் நேரில் வாங்கியதற்கு அது கிடையாது. வாய்ச்சொல்லாக அவர் சொன்ன 1880 காற்றோடு போய்விட்டது. இப்போதெல்லாம் "முதல் முத்திரை, பழுது பார்க்கப்படாதது" என்று ரசீதில் எழுதி, பெயரும் முகவரியும் போட்டுக் கொடுத்தால்தான் பர்ஸைத் திறக்கிறேன். தயங்குபவரிடம் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நியூஜெர்சியின் ட்ரென்டனில் லெனாக்ஸ், வில்லெட்ஸ் போன்ற ஆலைகள் இதே பாணியில் செய்ததற்கும் அமெரிக்கன் பெலீக் என்றுதான் பெயர். அழகானவைதான், போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்சொல்லை விட்டுவிட்டு வெறும் பெலீக் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அடியில் நாயும் கோபுரமும் இல்லையென்றால் அது எர்ன் கரையில் செய்ததுதானா என்று கேளுங்கள்.

போன வாரம் வேறொரு சந்தையிலிருந்து தோழி ஒரு பால் குவளையின் படம் அனுப்பினாள், வாங்கலாமா என்று. அடியில் நாய், கோபுரம், பெயர் நாடா. அதற்கு நேர் கீழே கட்டைவிரல் அகல வெள்ளை ஸ்டிக்கர். "உரிக்கச் சொல்லு" என்று எழுதினேன். "பசை கறையாகிடும்னு உரிக்க விடமாட்டேங்கிறார்" என்று பதில் வந்தது.