கடவுளை நம்பாத அரசனைத் தேடிப் பத்து அத்தியாயங்கள்

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்ற மிகைபுனைவு வரிசையில் இரண்டாவது, மூன்றாவது நாவல்களான 'எ கிளாஷ் ஆஃப் கிங்ஸ்' (1998), 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்' (2000) இரண்டையும் மூன்றாம் முறையாகக் கையிலெடுத்தேன். இந்த முறை முழுதாக வாசிக்கவில்லை. ஸ்டானிஸ் பராதியன் என்ற அரசனை மட்டும் பின்தொடர்ந்தேன். அவன் மனதுக்குள் ஆசிரியர் நம்மை விடுவதே இல்லை. பக்கத்தில் நிற்கும் அவனுடைய விசுவாசி டாவோஸின் கண் வழியாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் நாவலில் டாவோஸுக்கு மூன்று அத்தியாயங்கள், மூன்றாவதில் ஆறு. ஸ்டானிஸின் கோட்டை அறிஞரான கிழவர் கிரெஸனின் கண் வழியாக வரும் முன்கதை அத்தியாயத்தையும் சேர்த்தால் பத்து.

நான் தேடிப் போனது ஒரே கேள்விக்காக. செந்நிற உடைப் பூசாரினி மெலிசான்ட்ரே கொண்டுவந்த நெருப்புக் கடவுளை ஸ்டானிஸ் நிஜமாகவே நம்புகிறானா, இல்லை காரியம் ஆக வேண்டும் என்பதற்காகக் கூட வைத்திருக்கிறானா?

தாயும் தந்தையும் வந்த கப்பல் விரிகுடாவில் உடைவதைக் கோட்டையிலிருந்து பார்த்தவன் அவன். கடவுள்களோடு இருந்த கணக்கை அன்றே முடித்துவிட்டான். அப்புறம் அந்தப் பறவைக் கதை வருகிறது. சிறுவயதில், அடிபட்ட வேட்டைப் பருந்து ஒன்றை எடுத்து வளர்த்திருக்கிறான். தேறியும் அது மர உச்சிக்கு மேல் பறந்ததில்லை. வேறு பறவையைப் பார் என்று பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். பல வருடம் கழித்து அதே நியாயத்தைத்தான் டாவோஸிடம் சொல்கிறான்: பழைய கடவுள்கள் எனக்கு ஒன்றும் பிடித்துத் தரவில்லை, இனி ஒரு சிவப்புப் பருந்தைப் பறக்கவிட்டுப் பார்க்கிறேன். முதல் வாசிப்பில் இதைப் பச்சைச் சுயநலம் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தேன். இப்போது அழித்துவிட்டேன்.

காரணம் என் சொந்த அனுபவம். அப்பாவை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன இரவு, நம்பிக்கை இல்லாத நான் வேண்டிக்கொண்டேன். இதைச் செய், நான் அதைச் செய்கிறேன் என்று பேரம்தான் பேசினேன். அப்பா பிழைத்தார். அதற்குப் பிறகு வேண்டாமல் இருப்பது கஷ்டமாகிவிட்டது. நம்பிக்கை வந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் ஒருமுறை பலித்ததை எப்படி விட்டுவிடுவது?

அதனால்தான் ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் வரும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். அரச ரத்தம் குடித்த மூன்று அட்டைகளை ஸ்டானிஸ் நெருப்பில் போடுகிறான். ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிரி அரசனின் பெயர். பின்னால் ஒவ்வொருவராக மூவரும் சாகிறார்கள். மெலிசான்ட்ரே கேட்பது அடுத்து பெரிதாகிறது: அட்டைக்கே இவ்வளவு என்றால், ஒரு சிறுவனைப் பலி கொடுத்தால்? அந்தச் சிறுவன் எட்ரிக், அவனுடைய சொந்த அண்ணன் மகன். முழு பக்தன் என்றால் யோசிக்காமல் கொடுத்திருப்பான். வெறும் காரியக்காரன் என்றால் ஆதாயம் போதும் என்று எங்காவது நின்றிருப்பான். ஸ்டானிஸ் பலனை மட்டும் நம்புகிறான், அதனால் அவனுக்கு நிற்கும் இடம் தெரியவில்லை. மார்ட்டின் இதை விளக்கிச் சொல்வதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கமில்லாமல் திரியும் ஒரு மனிதனைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

உண்மையான பக்தி டாவோஸிடம் இருக்கிறது. கடத்தல்காரனாக இருந்தவன், எழுதப் படிக்கத் தெரியாதவன். கடற்போரில் நான்கு மகன்களை இழந்து, ஒரு பாறைமேல் தாகத்தில் கிடக்கும்போது, தன் அரசன் சிலையை எரித்த பழைய தாய்க்கடவுளின் குரல் அவனுக்குக் கேட்கிறது. எங்களை எரித்துவிட்டீர்களே என்கிறாள். அது காய்ச்சலின் பிதற்றலா, தெய்வமா என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் அப்படி விட்டது எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த நாவல்களிலிருந்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் சீசனில் (2015) ஸ்டானிஸ் தன் மகளையே எரிக்கிறான். எனக்கு அது ஒட்டவில்லை. அங்கே அவனுடைய தயக்கத்துக்குப் போதுமான நேரம் தரப்படவில்லை. 2011இல் வந்த ஐந்தாம் நாவலில், பனியில் மாட்டிய படை பலி கேட்கும்போது, இன்னும் அழுத்தி வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி மறுக்கிறான். எனக்குத் தெரிந்த ஸ்டானிஸ் அவன்தான்.

பதிப்பு பற்றிக் கொஞ்சம். என்னிடம் இருக்கும் பேப்பர்பேக்கில் மூன்றாம் நாவல் 'ஸ்டீல் அண்ட் ஸ்னோ', 'பிளட் அண்ட் கோல்ட்' என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தூக்கிப் படிக்க வசதி, ஆனால் டாவோஸின் கதை இரண்டு பாகத்திலும் சிதறிக் கிடக்கிறது. எழுத்தும் பொடி. பின்னிணைப்பில் உள்ள குடும்பப் பட்டியல் இல்லாமல் புதியவர்கள் சமாளிக்க முடியாது. என்னைப் போலப் பொறுக்கி வாசிப்பது மறுவாசிப்புக்கு மட்டுமே சரிவரும். முதல்முறை என்றால் முதல் நாவலிலிருந்தே தொடங்குங்கள்.

டாவோஸின் ஆறாவது அத்தியாயத்துக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். ஸ்டானிஸின் கோட்டை இருக்கும் தீவில் எட்ரிக் இல்லை, டாவோஸ் அவனைக் கப்பலேற்றிவிட்டான். அது தெரிந்த அரசன் தன் ஒளிரும் வாளை உருவுகிறான், அறை முழுக்க வெளிச்சம். டாவோஸ் கருணை கேட்கவில்லை. வடக்கிலிருந்து வந்த ஒரு கடிதத்தை எடுத்து, சமீபத்தில்தான் கற்றுக்கொண்ட எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தொடங்குகிறான்.