ட்வீட்டி: இளஞ்சிவப்பா, மஞ்சளா?

பூனைகளை ஏய்க்கும் குட்டிப் பறவை ட்வீட்டியின் பழைய கார்ட்டூன்களை எதிலிருந்து தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு:

உருவம்: 1942-இல் இயக்குநர் பாப் கிளாம்பெட் கொண்டுவந்த குஞ்சு இறகே இல்லாத இளஞ்சிவப்பு. அம்மணமாகத் தெரிகிறது என்று தணிக்கைக்காரர்கள் முகம் சுளிக்க, அப்புறம் மஞ்சள் இறகு முளைத்தது.

குணம்: பழையது பொல்லாதது. கம்பியில் தொங்கும் பூனையின் விரல்களை, குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிடும்! மஞ்சள் குஞ்சு சாது, ஆனால் ஏமாறாது.

எதிரி: முன்னதற்குப் படத்துக்குப் படம் வேறு பூனைகள், பின்னதற்கு சில்வெஸ்டர் என்ற ஒரே பூனை. இன்னொரு இயக்குநரான ஃபிரிஸ் ஃபிரெலெங் இருவரையும் சேர்த்த 1947 படம் ஆஸ்கர் வென்றது.

குரல் இரண்டுக்கும் மெல் பிளாங்க்தான்.

சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் மஞ்சள். கிளாம்பெட் ட்வீட்டி மூன்றே படங்கள், மொத்தம் அரை மணிநேரம்கூட இல்லை. எனக்கு அந்தப் போக்கிரிதான் பிடிக்கும்.