டிரெய்லர் இழுக்கப் பழைய பிக்கப்: 207 டிஐயா, பொலேரோவா?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் மூட்டையோ பவர் டில்லரோ டிரெய்லரில் வைத்து இழுக்க செகண்ட் ஹேண்ட் பிக்கப் தேடினால், பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

பழைய டாடா 207 டிஐ 2956 சிசி, டீசல் பம்ப் மெக்கானிக்கல். சென்சார் தொல்லை கிடையாது, வழியில் நின்றாலும் உள்ளூர் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து கிளப்பிவிடுவார்.

மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும்) இன்ஜின், 2523 சிசிதான், ஆனால் டர்போ இருப்பதால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை வந்துவிடும். வாய்க்கால் கரையில் ஈரமண்ணில் லோடோடு ஏறும்போது கிளட்ச்சைப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. டீசலில் தண்ணீர் கலந்தால் மட்டும் இன்ஜெக்டர் செலவு வயிற்றைக் கலக்கும், அதனால் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

அடிக்கடி இழுப்பவருக்கு பொலேரோதான் சரி என்பேன். அறுப்புக்கு மட்டும் என்றால் 207 போதும்.

எதுவானாலும் காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, அப்போ பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அப்புறம் பின்னால் குனிந்து, டிரெய்லர் கொக்கி பற்றவைத்த இடத்தில் சேஸியில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.