ஜார்ஜ் டவுனில் ஒரு விடுமுறைக் கைவினை வகுப்பு: மகளை அனுப்பிப் பார்த்த அனுபவம்

தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என் மகள் இந்த வகுப்பில் சேர்ந்தாள். இப்போது ஐந்தாம் ஆண்டு. இடையில் வந்த தவணை விடுமுறைகளில் பெரும்பாலும் அங்கேதான் இருந்தாள். பினாங்கில் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இடம் தேடும் பெற்றோர் சிலர் என்னிடம் விசாரித்தார்கள். நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடக்கிறது. பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் நடத்துகிறார். கல்லூரியில் படிக்கும் இரண்டு அக்காமார் கூட இருப்பார்கள். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள். சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனி மேசை. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 1 மணிக்கு முடியும். வாரத்துக்கு 220 ரிங்கிட், பொருட்கள் எல்லாம் அதிலேயே அடக்கம்.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, டீச்சர் பிள்ளையின் வேலையில் கை வைக்க மாட்டார் என்பதுதான். இதற்கு முன்பு ஒரு பேரங்காடியில் இருந்த மையத்துக்கு அனுப்பினோம். எல்லாம் பெட்டியில் வெட்டித் தயாராக வரும். கடைசி நாளில் அழகான ஒரு காற்றாடி வீட்டுக்கு வந்தது. "நீ செஞ்சதாம்மா?" என்று கேட்டால், "அக்கா ஒட்டிக் குடுத்தாங்க, நான் வாலு மட்டும்" என்றாள். சுவரில் மாட்டினோம், அவள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அங்கே வந்த பிள்ளைகள் அத்தனை பேருடைய காற்றாடியும் ஒன்றுபோலவே இருந்தன. பெற்றோருக்குக் காட்டுவதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது.

இங்கே அப்படி இல்லை. மகளை அழைத்துவரச் சீக்கிரம் போன ஒரு நாள், கம்பியில் அவள் செய்த மனித உருவம் நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது. "டீச்சர், நிக்க மாட்டேங்குது" என்றாள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எந்தப் பக்கம் விழுதுன்னு பாரும்மா" என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து போய் வளைத்துவிடலாம் என்று இருந்தேன். என்னையும் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு காலை முன்னால் நீட்டி வளைத்து அவளே நிற்க வைத்துவிட்டாள். அந்த உருவம் இன்றும் அவள் மேசையில் இருக்கிறது.

அந்தக் கம்பி வாரம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுன் தெருக்களில், அந்தந்த இடத்தின் பழைய கதையைச் சொல்லும் இரும்புக் கம்பிச் சித்திரங்களைப் பார்த்திருப்பீர்கள்; மொத்தம் 52. முதல் நாள் காலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அதில் சிலவற்றைக் காட்டினார்கள். சுவரில் எங்கே கம்பி வளைகிறது, எங்கே இரண்டு கம்பி சேர்கிறது என்று விரலால் காற்றில் வரையச் சொன்னார்கள். திரும்பி வந்து மெல்லிய அலுமினியக் கம்பியைக் கையில் கொடுத்தார்கள். அது இடுக்கி இல்லாமலே வளையும், சின்னக் கைகளுக்கு ஏற்றது. ஐந்து நாளும் அந்த ஒரு பொருள்தான். தினம் ஒரு புதுப் பொருள் செய்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரம் கிடையாது. நேற்று சரியாக வராததை இன்று பிரித்துத் திரும்பச் செய்யலாம்.

லெபோ ஆர்மேனியனில் இருக்கும் சைக்கிள் சுவரோவியத்தையும் இப்படித்தான் பயன்படுத்தினார்கள். எர்னஸ்ட் ஸக்காரவிச் 2012ஆம் ஆண்டு வரைந்தது. பிள்ளைகள் இருவரும் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜம். நாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். டீச்சர் கேட்டது வேறு: "நிஜப் பொருள் எங்க முடியுது, பெயிண்ட் எங்க ஆரம்பிக்குது?" மறுநாள் வீட்டிலிருந்து வேண்டாத ஒரு பொருளைக் கொண்டுவரச் சொன்னார். என் மகள் பல் உடைந்த சீப்பைப் பலகையில் ஒட்டி, தென்னை மட்டை ஆக்கினாள். ஒரு பையன் பாட்டியின் பழைய இடியாப்பத் தட்டைச் சூரியனாக வைத்திருந்தான். அத்தனை பலகைகளிலும் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒரு வகுப்பு நல்லதா என்று பார்க்க நினைப்பவர்கள், முடிந்த வேலைகளை வரிசையாக வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் இருந்தால், செய்தது யார் என்று புரிந்துவிடும்.

பாத்தேக், அதாவது துணியில் மெழுகால் கோடு போட்டுச் சாயம் தீட்டும் கலை; அந்த வாரம் நான்காம் ஆண்டுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான் முழுசாக. உருக்கிய மெழுகைச் சந்திங் என்ற சின்ன மூக்குக் கருவியில் மொண்டு துணியில் கோடு இழுப்பது விளையாட்டில்லை. மெழுகு சூடு குறைந்தால் துணிக்குள் இறங்காது, சாயம் கோட்டைத் தாண்டிக் கசிந்துவிடும், சூடு கூடினால் கோடு பரவிப் போகும். ஒரு சட்டிக்கு ஒரு பெரியவர், ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை என்று வைத்திருந்தார்கள். சின்னவர்களுக்கு மெழுகுக் கோடு ஏற்கெனவே போட்ட துணி; சாயம் தீட்டுவது மட்டும் அவர்கள் வேலை. சாயம் நிற்பதற்காகச் சோடியம் சிலிகேட் பூசுவதையும், அப்புறம் துணியை வெந்நீரில் போட்டு மெழுகு எடுப்பதையும் அக்காமாரே கையுறை போட்டுச் செய்தார்கள். கேட்காமலே இதை முன்கூட்டிப் பெற்றோருக்கு விளக்கியது எனக்கு நிம்மதி. உடுத்தும் துணிக்கான பாத்தேக் முறையை 1950களில் ஓவியமாக்கிய சுவா தியான் தெங் நம் பினாங்கில் வாழ்ந்தவர் என்பதையும் மகள்தான் வந்து எனக்குச் சொன்னாள்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய ஒரு விடுமுறையில் கெத்துபாட் கூடு, அதாவது அரிசி வைத்து வேகவைக்கும் ஓலைக்கூடு பின்னக் கற்றுக்கொண்டார்கள். முதலில் ரிப்பன், கை பழகியதும் குருத்தோலை. என் மகளுக்கு இரண்டு நாள் அழுகை. மூன்றாம் நாள் பிடி கிடைத்தது. அதன் பலன் எதிர்பாராத இடத்தில் வந்தது. சுங்கை பட்டாணியில் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குத் தோரணம் கட்டப் பெரியப்பாமார் குருத்தோலையைப் பரப்பி உட்கார்ந்தபோது, இவளும் போய் உட்கார்ந்தாள். ஓலையை எங்கே கிழிக்கலாம், எவ்வளவு மடித்தால் உடையாது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. "யாரு சொல்லிக்குடுத்தா?" என்று பெரியப்பா கேட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, குறைகள். முதலில் நேரம். மதியம் 1 மணிக்கு முடிவது வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பெரிய சிரமம். என் அம்மா அருகில் இருப்பதால் எங்களுக்குச் சமாளிக்க முடிகிறது. எல்லாருக்கும் அந்த வசதி இல்லை. ஒரு மணி நேரம் கூடுதலாக, சாப்பாட்டோடு வைத்தால் இன்னும் பல பிள்ளைகள் வரலாம். இதைப் பலமுறை சொல்லிவிட்டோம், இன்னும் நடக்கவில்லை.

கார் நிறுத்துவது அந்தப் பகுதியில் எப்போதும் தலைவலி. பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஒரு குடும்பம் ஃபெர்ரியில் இறங்கி, நகருக்குள் ஓடும் இலவச கேட் (CAT) பஸ் பிடித்து வருகிறார்கள். அதுவே மேல்.

களிமண் வேலையில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நம் ஈரக் காற்றில், அதுவும் மழை மாதங்களில், சுடாத களிமண் காய்வதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். மகள் செய்த ஒரு யானை வீட்டுக்கு வந்த பிறகு பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. இப்போது களிமண்ணை மழை குறைந்த ஆண்டுத் தொடக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சொன்னதைக் கேட்டு மாற்றினார்கள் என்பதில் மகிழ்ச்சி. இடதுகைப் பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல் மட்டும் இன்னும் போதவில்லை. என் மகள் இடதுகை. நாங்களே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

சான்றிதழ் கிடைக்குமா என்று உறவினர்கள் கேட்பார்கள். கிடைக்காது. 2021இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் ரத்தான பிறகும் விடுமுறை என்றால் டியூஷன் என்ற பழக்கம் நம் வீடுகளில் போகவில்லை; அந்தக் காசைக் கைவினைக்குச் செலவழிப்பதா என்று என் மாமனாரே தயங்கினார். என் பதில் இதுதான்: ஒரு வேலையைப் பாதியில் விட்டு ஓடும் பிள்ளையாக இருந்தவள், இப்போது கணக்கு தப்பாக வந்தாலும் அழித்துவிட்டு எந்த வரியில் தப்பு என்று தேடுகிறாள். இதற்கு வகுப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வயதும் கூடியிருக்கிறது. ஆனால் பெரிய பங்கு அதற்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

தீபாவளியை ஒட்டி வரும் வாரத்தில் வண்ண அரிசிக் கோலம் போடுவார்கள் என்பதால் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். முதல் தடவை அனுப்புகிறவர்கள் அந்த வாரத்தைவிடக் கூட்டம் குறைந்த வேறு தவணை விடுமுறையில் தொடங்குவது நல்லது. டீச்சருக்கு உங்கள் பிள்ளையைக் கவனிக்க நேரம் இருக்கும். என் மகனுக்கு அடுத்த ஆண்டு ஏழு வயது ஆகிறது, அவன் பெயரை இப்போதே கொடுத்துவிட்டேன்.