போர்டு போச்சு என்றால்: புதுசா, பழசா, சால்டரா?

டெல்டாவில் மழைக்காலம் தொடங்கினால் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு மெஷின் நின்றுபோகும். ஏசியோ, வாஷிங் மெஷினோ, இன்வெர்ட்டரோ, பார்க்க வருகிறவர் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், போர்டு போயிடுச்சு" என்பார். மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டைத்தான் சொல்கிறார். அப்புறம் முடிவு நம் தலையில். கம்பெனியிடம் புது போர்டு வாங்கிப் போடலாம். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்து, கெட்ட பாகத்தை மட்டும் சால்டர் வைத்து மாற்றச் சொல்லலாம். இல்லையென்றால் வேறொரு மெஷினிலிருந்து கழற்றிய பழைய போர்டையோ, எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கிற யூனிவர்சல் போர்டையோ போடலாம்.

வழக்கமாக இந்தப் பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. நான் முதலில் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். போர்டில் எந்தப் பகுதி போயிருக்கிறது? எதனால் போயிற்று? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மூன்றில் எது சரி என்பது அநேகமாகத் தானே தெரிந்துவிடும்.

எந்த போர்டை எடுத்தாலும் இரண்டு பகுதிகள் இருக்கும். கரண்ட் உள்ளே வருகிற பவர் பகுதி ஒன்று: பியூஸ், வேரிஸ்டர், ஏசி கரண்டை டிசி ஆக்கும் பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர், வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் ஐசி, சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ரிலே எல்லாம் இங்கே. மற்றது மூளைப் பகுதி: புரோகிராம் ஏற்றிய மைக்ரோகன்ட்ரோலரும் அதைச் சுற்றியுள்ள பொடிப் பாகங்களும். பவர் பகுதியில் இருப்பவை எல்லாம் கடையில் கிடைக்கும் பொதுப் பாகங்கள். இங்கே கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பார்சலில் வந்துவிடும். மூளை அப்படியல்ல. அதே நம்பர் ஐசியைப் புதிதாக வாங்கினாலும் உள்ளே புரோகிராம் இருக்காது. புரோகிராமை யாரும் வெளியே தருவதில்லை.

நம் பக்கத்து போர்டுகள் அதிகம் சாவது பவர் பகுதியில்தான். காரணம் நியூட்ரல் கட். காற்று மழையில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தாலும் சரி, கம்பத்தில் இணைப்பு துருப்பிடித்து விட்டுப்போனாலும் சரி, நியூட்ரல் போய்விட்டால் தெருவில் உள்ள வீடுகள் இரண்டு பேஸ்களுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். லோடு குறைவாக ஓடும் வீட்டில் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கி வரும். சாதாரணமாக 230 வோல்ட்டை டிசி ஆக்கினால் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும். அதன் தாங்கு அளவு 400 அல்லது 450. உள்ளே 400 வோல்ட் ஏசி வந்தால் கெப்பாசிட்டருக்குப் போவது 565 வோல்ட். மேல்மூடி உப்பி வெடிப்பது அதனால்தான்.

நல்ல போர்டில் அதற்கு முன்பே வேரிஸ்டர் வேலை செய்துவிடும். நீல நிறத்தில் வட்டமாக, பியூஸுக்குப் பக்கத்தில் நிற்குமே, அதுதான். 275 வோல்ட் ஏசிக்கான வேரிஸ்டர், வோல்டேஜ் அதைத் தாண்டி நீடித்தால் தானே ஷார்ட்டாகி பியூஸை எரித்துவிடும். இரண்டும் பலியாகும், போர்டு பிழைக்கும். இந்த இரண்டை மாற்றினாலே மெஷின் ஓடிவிடும் கேஸ்கள் ஏராளம், பாகத்தின் விலை சில பத்து ரூபாய்தான். இந்தக் கோளாறுக்குப் பல ஆயிரம் கொடுத்துப் புது போர்டு போடுவது வீண் செலவு என்றே சொல்வேன். ஒன்றே ஒன்று: முன்பு யாராவது பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், பலியாவது பியூஸ் அல்ல, பிரிட்ஜும், போர்டின் செம்புத் தடமான டிராக்கும். அப்போது செலவு நாலைந்து மடங்கு ஏறும்.

கம்பெனி இன்ஜினியர் ஏன் இதைச் செய்வதில்லை என்று பலர் கோபப்படுகிறார்கள். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு நாளில் பல வீடு போக வேண்டும், வண்டியில் பாகங்கள் கிடையாது, சால்டர் வைத்த போர்டுக்கு கம்பெனி பொறுப்பேற்காது. புது போர்டு மாட்டினால் அரை மணியில் வேலை முடிந்தது, போர்டுக்கு வாரண்டியும் உண்டு. ஆனால் அவர் "போர்டு போயிடுச்சு" என்பதற்கு "இந்த போர்டு இனி உதவாது" என்று பொருள் இல்லை. "நான் போர்டைத்தான் மாற்றுவேன்" என்பது மட்டுமே பொருள்.

அடுத்தது வயசாகிச் சாகும் போர்டு. இதில் முக்கியக் குற்றவாளி எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். அதன் மேல் 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். சாதாரண ரகத்துக்கு அந்தச் சூட்டில் ஆயுள் 2,000 மணி நேரம். சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தோராயக் கணக்கு. மேற்கு வெயில் அடிக்கும் மொட்டை மாடியில் நிற்கும் ஏசி அவுட்டோரில், ஓடும்போது போர்டைச் சுற்றி 75 டிகிரி என்று வைத்தால் 16,000 மணி. தினம் 8 மணி நேரம் ஓடினால் ஐந்தரை வருடம். 85 டிகிரி ரகத்தைப் போட்டிருந்தால் கணக்கு இன்னும் மோசம். இப்படிப்பட்ட போர்டுக்குக் கெப்பாசிட்டர் மாற்றுவதே சரியான வைத்தியம், ஒன்று உப்பியிருந்தால் கூட நிற்கும் அதே வயசு கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய போர்டு வாங்குவது இங்கே முட்டாள்தனம். கழற்றி வந்த போர்டிலும் அதே கெப்பாசிட்டர், அதே வயசு.

மீட்டரில் அளந்து "கெப்பாசிட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்கை அப்படியே நம்ப வேண்டாம். மைக்ரோஃபாரட் அளவு சரியாகக் காட்டும், உள் எதிர்ப்பு மட்டும் ஏறியிருக்கும். அதைப் பார்க்க ஈஎஸ்ஆர் மீட்டர் தனியாக வேண்டும். அது மேசையில் இருக்கும் கடை என்றால் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

சரி, சால்டர் தோற்கும் இடங்களும் உண்டு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் கடல் காற்றில் நிற்கும் அவுட்டோர் போர்டுகளைப் பார்த்தால் தெரியும். பச்சை பூத்திருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்து மேல்பூச்சுக்கு அடியிலேயே செம்பைத் தின்றுகொண்டு போகும். இன்று ஒரு டிராக்குக்குக் கம்பி ஜம்பர் போட்டால், அடுத்த மாதம் பக்கத்து டிராக் அறும். மெக்கானிக் மேல் தப்பில்லை, ஆனால் நாம் மூன்று முறை கொடுக்கும் பணத்துக்குப் புது போர்டே வந்திருக்கும். கடலோரத்தில் பச்சை பூத்த போர்டு என்றால் நான் புதுசைத்தான் சொல்வேன். புதுசையும் அப்படியே மாட்டாமல், கனெக்டர்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அக்ரிலிக் கோட்டிங் ஸ்பிரே அடித்து மாட்ட வேண்டும்.

பல்லி இன்னொரு வில்லன். ஹை வோல்டேஜ் பாகத்தின் இரண்டு கால்களின் மேல் ஏறிச் செத்துக் கிடக்கும். பாகத்தை மாற்றினாலும் போர்டு மறுபடி வெடித்தால் காரணம் கரி. எரிந்த இடத்தில் போர்டின் தட்டு கரியாகிவிட்டால் அதுவே கரண்டைக் கடத்தும். கரியைக் கட்டரால் சுரண்டி, தேவைப்பட்டால் அந்த இடத்தில் ஓட்டையே போட்டு, ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். கரிப்பட்ட இடம் ஒரு விரல் அகலம் இருந்தால் பரவாயில்லை. பவர் பகுதி பாதி கருகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் போர்டுகள் பலவற்றில் ஈரம் புகாமலிருக்க மேலே கண்ணாடி மாதிரி ஜெல் ஊற்றியிருப்பார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துத்தான் பாகத்தைத் தொட முடியும். பொறுமையான ஆள் கிடைத்தால் செய்யலாம். ஆனால் கூலி ஏறும், வேலை முடிந்ததும் ஜெல் பாதுகாப்பும் போயிருக்கும். இங்கே நேரடியாகப் புது போர்டு விலையைக் கேட்டு ஒப்பிட்டுவிட்டு இறங்குவது நல்லது.

மூளைப் பகுதி போனால் சால்டருக்கு வேலையே இல்லை. அங்கேதான் பழைய போர்டுக்கு மவுசு. குறிப்பாக டிவியில். பேனல் உடைந்த டிவிகள் பழைய சாமான் கடைக்கு வந்துகொண்டே இருக்கும். அவற்றின் மெயின் போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அந்த டிவி செத்தது திரை உடைந்ததால், போர்டால் அல்ல. ஆகவே டிவி மெயின் போர்டுக்கு மட்டும் பழசை முதல் இடத்தில் வைப்பேன். மாடல் நம்பர் பொருந்தினால் போதாது, பேனல் நம்பரும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் படம் தலைகீழாகவோ, நிறம் மாறியோ வரும்.

யூனிவர்சல் போர்டு இடத்தைப் பொறுத்தது. பழைய மாடல், இன்வெர்ட்டர் இல்லாத ஸ்ப்ளிட் ஏசிக்கு அது தாராளமாகப் போதும். அங்கே போர்டு செய்வது கம்ப்ரசருக்கும் ஃபேனுக்கும் ரிலே போட்டு நிறுத்துவதுதான். ரிமோட் மாறும், டிஸ்பிளே மாறும், குளிர்ச்சி மாறாது. இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோர் போர்டுக்கு மட்டும் அதை வைக்க எனக்கு மனம் வராது. அந்த போர்டு கம்ப்ரசர் மோட்டாரின் வேகத்தையே ஓட்டுகிறது. மோட்டாரின் குணம் பொருந்தாவிட்டால் கம்ப்ரசர் அடிவாங்கும், கம்ப்ரசர் விலையோ போர்டின் விலையைவிட அதிகம்.

இன்வெர்ட்டர் ஏசி பற்றிப் பேசும்போதே இன்னொன்று. கம்ப்ரசர் மோட்டாருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் ஐபிஎம் மாட்யூல் ஷார்ட்டாகியிருந்தால், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் கம்ப்ரசரின் மூன்று முனைகளுக்கு நடுவே உள்ள எதிர்ப்பை இரண்டிரண்டாக அளக்கச் சொல்லுங்கள். மூன்று அளவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பாடிக்கு எதுவும் காட்டக் கூடாது. இதில் வித்தியாசம் இருந்தால் கம்பெனியின் புது போர்டும் ஆன் செய்த நொடியில் போகும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வருவோம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்த பிறகு, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்களில் அதன் அருமை சொல்லத் தேவையில்லை. இங்கே போவது அநேகமாக, பேட்டரி கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சான மாஸ்ஃபெட். ஓவர்லோடு, இல்லை பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்த கை. இதில் பாகம் மாற்றும் வழிக்கே என் ஓட்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. வரிசையில் எட்டு மாஸ்ஃபெட் இருந்து இரண்டு மட்டும் ஷார்ட் என்றாலும் முழு வரிசையையும் ஒரே லாட்டில் மாற்ற வேண்டும், கேட் ரெசிஸ்டர்களையும் சேர்த்து. பழசும் புதுசும் கலந்தால் லோடு சமமாகப் பிரியாது, ஒன்று சூடேறி மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். இன்வெர்ட்டர்களில் பரவலாக வரும் ஐஆர்எஃப் 3205 என்ற மாஸ்ஃபெட்டின் அளவு 55 வோல்ட், 110 ஆம்பியர். அந்த நம்பரை அச்சடித்த போலிகள் மார்க்கெட்டில் நிறைய. விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் அது அந்தப் பாகமே இல்லை.

பம்புசெட் ஸ்டார்ட்டர் போர்டில் கணக்கு முற்றிலும் வேறு, இங்கே நேரம்தான் விலை. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்கு முன்பே போர்வெல் தண்ணீரை நம்பி நாற்று விட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் செல்போன் ஆட்டோ ஸ்டார்ட்டர் செத்தால், போர்டு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்டோவைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் பட்டனைக் கையால் அழுத்தினால் மோட்டார் ஓடும். ஆகவே ஆட்டோ போர்டைப் பொறுமையாக ரிப்பேருக்கே கொடுக்கலாம், பெரும்பாலும் ரிலே காண்டாக்ட் கருகியிருக்கும் அல்லது உள்ளே எறும்பு அடைந்திருக்கும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் போர்டு போயிருந்தால் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. "இதை ஓரம் கட்டிட்டு டைரக்டா போட்டுடலாம்ணே" என்று சொல்லும் தம்பியைத் தடுங்கள். ஒரு பேஸ் போனதும் மீதி இரண்டில் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து, அதன் கம்பிச் சுற்று கருகும். ரீவைண்டிங் கூலியும், மோட்டாரை மேலே தூக்கும் கூலியும் சேர்ந்தால் புதிய பிரிவென்டர் பல வாங்கலாம். அதற்கு மட்டும் ரிப்பேர் பேச்சே வேண்டாம், அன்றே புதுசு.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கொஞ்சம். டெல்டா டவுன்களில் போர்டு வேலை நன்றாகச் செய்பவர்களில் பலர் பழைய டிவி மெக்கானிக்குகள். ரிப்பேர் முடிந்த போர்டை முதல் தடவை நேரடியாக லைனில் கொடுக்காமல், நடுவே ஒரு குண்டு பல்பைத் தொடர் இணைப்பில் போட்டு ஆன் செய்கிறாரா என்று பாருங்கள். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து நிற்கும், புதுப் பாகம் பிழைக்கும். பல்பு இல்லாத கடையில் நான் ஏசி போர்டு கொடுப்பதில்லை. கழற்றிய பாகங்களைக் கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள், நல்ல ஆள் முகம் சுளிக்க மாட்டார். வீட்டில் நீங்களே முயன்று பார்க்கும் ஆள் என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அந்த 325 வோல்ட் நின்றுகொண்டிருக்கலாம் என்பதை மறந்து கை வைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் வாரண்டி கார்டு. சில கம்பெனிகள் போர்டுக்குத் தனியாக 5 ஆண்டு வரை கொடுக்கின்றன, வெளி ஆள் சால்டர் வைத்த தடம் தெரிந்தால் அது போச்சு. கம்பெனி புது போர்டு போட்டால் பழசை எடுத்துச் செல்லும் எக்ஸ்சேஞ்ச் விலையா, பழசு நமக்கா என்பதையும் முன்பே கேளுங்கள். இரண்டு விலைக்கும் வித்தியாசம் சிறிது என்றால் பழசை வாங்கி வைத்துக்கொள்வேன். வேரிஸ்டர் மாற்றினால் அது ஸ்பேர் போர்டு. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று மாட்டிவிட்டால் அந்த ஸ்பேருக்கு வேலை வரும் வாய்ப்பும் குறையும்.